எல்லாமே மடக்கைதான், பிறகு ஏன் இந்த வேக வித்தியாசம்? வரிசை காக்கும் தரவு அமைப்புகள் பற்றி ஒரு விளக்கம்

பாடநூலில் சிவப்பு-கருப்பு மரம், ஏவிஎல் மரம், பி-மரம், ஸ்கிப் லிஸ்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் இருக்கும்: தேட, சேர்க்க, நீக்க ஆகும் வேலை உறுப்புகளின் எண்ணிக்கையின் மடக்கை அளவு, அதாவது உறுப்புகள் இரட்டிப்பானாலும் ஏறத்தாழ ஒரு படிதான் கூடும். ஒரே கணினியில், ஒரே தரவை வைத்து ஓட்டிப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக ஓடும். முழுவதையும் வரிசையாகப் படிக்கும் வேலையில் இடைவெளி இன்னும் பெரிதாகும். மடக்கை என்ற பெயரே இல்லாத வெறும் அர்ரே (நினைவகத்தில் அடுத்தடுத்து அடுக்கிய உறுப்புகள்), சிறிய தரவுகளில் மரங்கள் அத்தனையையும் முந்திவிடுவதும் உண்டு. பாடநூல் சொல்வது பொய்யில்லை. அது எண்ணுவது ஒன்று, இன்றைய செயலி நேரம் செலவழிப்பது வேறொன்றில். அந்த வேறொன்றைக் கணக்கோடு புரிந்துகொண்டால் எதைத் தேர்வது என்ற குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

## முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வரிசை காக்கும் அமைப்பு என்றால், உள்ளே இருக்கும் கீகளை (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் மதிப்புகளை) எப்போதும் சிறிதிலிருந்து பெரிது என்ற ஒழுங்கில் வைத்திருப்பது. அதனால் கிடைக்கும் வசதிகள் மூன்று:

1. எல்லா உறுப்புகளையும் ஒழுங்காகப் படிக்கலாம்.
2. 500 முதல் 900 வரை உள்ள கீகளை மட்டும் எடுக்கலாம்.
3. 731 இல்லாவிட்டால் அதற்கு அடுத்த பெரிய கீ எது என்று கேட்கலாம்.

இந்த மூன்றில் ஒன்றும் தேவைப்படாத நிரலில், கீயிலிருந்தே இடத்தைக் கணக்கிட்டு ஒழுங்கு பாராமல் வைக்கும் ஹாஷ் டேபிள்தான் சரியான தேர்வு. ஒரு கீ இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதற்கு மட்டும் மரத்தைப் பயன்படுத்தும் நிரல்கள் ஏராளம். அங்கே எந்த மரம் வேகம் என்று ஒப்பிடுவதே வீண் வேலை. மேற்கண்ட மூன்றில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே வேண்டும் என்ற நிலையில்தான் மேலே பேசுவதற்குப் பொருள் உண்டு.

## மடக்கை எண்ணுவதும் எண்ணாததும்

10 லட்சம் கீகளை இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் 20 ஒப்பீடுகளில் விடை கிடைக்கும். 1962-ல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் முன்வைத்த ஏவிஎல் மரத்தின் உயரம், மிக மோசமான நிலையிலும் இந்த 20-ஐப் போல 1.44 மடங்கைத் தாண்டாது. சிவப்பு-கருப்பு மரத்துக்கு அந்த வரம்பு 2 மடங்கு. கீகள் தாறுமாறாக வந்து சேரும்போது இரண்டுமே 20-க்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆகவே இந்த இரண்டுக்கும் இடையிலான சண்டையில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை.

இரண்டு முழு எண்களை ஒப்பிட செயலிக்கு ஒரு கடிகாரச் சுற்று போதும். அந்த எண் செயலியின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து காத்திருப்பு மாறுகிறது. இன்றைய மேசைக் கணினி, சர்வர் செயலிகளில் தோராயமாக:

1. முதல் நிலை கேஷில் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இருந்தால் 4 அல்லது 5 சுற்று. கொள்ளளவு 32 முதல் 48 கிலோபைட்.
2. இரண்டாம் நிலை கேஷில் 15 சுற்றுக்கு அருகில்.
3. மூன்றாம் நிலை கேஷில் 40 முதல் 70 சுற்று.
4. ரேமுக்குப் போனால் 80 முதல் 100 நானோநொடி. 4 கிகாஹெர்ட்ஸ் செயலியில் இது 300 முதல் 400 சுற்று.

ரேமுக்குப் போய்வரும் ஒரே ஒரு பயணத்துக்கு ஆகும் நேரத்தில் சில நூறு ஒப்பீடுகளை முடித்துவிடலாம். மடக்கைக் கணக்கு இந்த இரண்டையும் ஒரே ‘படி’யாக எண்ணுகிறது. குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரத்தில் இறங்கும்போது அடுத்த கணுவின் (கீயைத் தாங்கும் முடிச்சின்) முகவரி இப்போதைய கணுவுக்குள் இருக்கிறது. இது வந்து சேரும்வரை அடுத்ததைக் கேட்கவே முடியாது. செயலி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக முன்கூட்டியே வேலைகளைத் தொடங்கினாலும் இந்தச் சங்கிலியின் முன் கைகட்டி நிற்கும். காத்திருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுகின்றன.

## சிவப்பு-கருப்பு மரத்தில் 16 பைட்டுக்கு 64 பைட்

லினக்ஸில் ஜிசிசி கம்பைலரோடு வரும் சி++ நூலகத்தின் மேப் (கீயோடு மதிப்பை இணைத்து வைக்கும் அமைப்பு) ஒரு சிவப்பு-கருப்பு மரம். 8 பைட் கீ, 8 பைட் மதிப்பு வைத்தால் ஒரு கணுவின் அளவு இப்படி அமைகிறது: நிறத்துக்கு 4 பைட், அதை ஒட்டிய வெற்றிடம் 4 பைட், பெற்றோர், இடது, வலது என மூன்று பாயின்டர்களுக்கு (மற்ற கணுக்களின் முகவரிகளுக்கு) 24 பைட், நம் தரவுக்கு 16 பைட். மொத்தம் 48. சி நூலகமான ஜிலிப்சியில் நினைவகம் ஒதுக்கித் தரும் மாலோக்கிடம் இதைக் கேட்டால், தன் குறிப்புக்கு 8 பைட் சேர்த்து, 16-ன் மடங்காக உயர்த்தி 64 பைட் ஒதுக்கும். 16 பைட் தரவு 64 பைட் இடத்தை அடைக்கிறது. 10 லட்சம் உறுப்புகளுக்கு 64 மெகாபைட்.

மூன்றாம் நிலை கேஷ் 8 மெகாபைட் உள்ள கணினியில் இந்த மரம் எப்படி உட்காரும் என்று பார்ப்போம். மேல் 10 தளங்களில் 1,023 கணுக்கள், 64 கிலோபைட். 14-ம் தளம் வரை 1 மெகாபைட். 17-ம் தளம் வரை 8 மெகாபைட். வேறு எந்த வேலையும் கேஷைத் தொடாத நல்ல நாளில்கூட 18, 19, 20-ம் தளங்கள் ரேமில்தான் இருக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் மூன்று ரேம் பயணம் என்றால் அதற்கே 250 முதல் 300 நானோநொடி. மற்ற 17 தளங்களின் செலவு தனி.

இதோடு முகவரி மொழிபெயர்ப்பும் சேரும். நிரல் பயன்படுத்தும் முகவரியை ரேமின் உண்மையான முகவரியாக மாற்றும் விவரங்களைச் செயலி டிஎல்பி என்ற சிறு அட்டவணையில் வைத்திருக்கும். இன்டெல் ஸ்கைலேக் செயலியில் அதன் இரண்டாம் நிலையில் 1,536 பதிவுகள். ஒரு பக்கம் 4 கிலோபைட் என்றால் இது எட்டுவது 6 மெகாபைட் மட்டுமே. 64 மெகாபைட்டில் சிதறிக் கிடக்கும் மரத்தில் இறங்கும்போது பக்க அட்டவணையையும் நடந்து பார்க்க வேண்டியிருக்கும்.

வரிசையாகப் படிப்பதில் அடி இன்னும் பலமாக விழும். அடுத்த பெரிய கீ நினைவகத்தின் எந்த மூலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மோசமான நிலையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ரேம் பயணம் என்று வைத்தால், 10 லட்சத்தைப் படிக்க 90 மில்லிநொடி. அதே 16 மெகாபைட் தரவு அடுத்தடுத்து இருந்து, நொடிக்கு 10 கிகாபைட் வேகத்தில் ஓடினால் 2 மில்லிநொடிகூட ஆகாது.

## வரிசைப்படுத்திய அர்ரே: சேர்க்கும்போது மட்டும் வலி

எல்லாக் கீகளையும் ஒரே அர்ரேயில் வரிசையாக அடுக்கி, இருமத் தேடல் செய்வது மிகப் பழைய வழி. பாயின்டர் இல்லை, வெற்றிடம் இல்லை. சி++23-ல் வந்த ஃபிளாட் மேப் இதைத்தான் செய்கிறது. கீகளை ஒரு வெக்டரிலும் மதிப்புகளை மற்றொரு வெக்டரிலும் வைப்பதால், தேடும்போது தொடுவது கீகளை மட்டுமே. நம் 10 லட்சத்துக்கு அது 8 மெகாபைட்.

ரேமிலிருந்து கேஷுக்கு ஒரே தடவையில் வரும் துண்டான கேஷ் வரி 64 பைட். அதில் 8 பைட் கீகள் எட்டு அடங்கும். எனவே தேடலின் கடைசி மூன்று படிகள் ஏறத்தாழ ஒரே வரிக்குள் முடிந்துவிடும்.

வலி சேர்க்கும்போதுதான். நடுவில் ஒன்றை நுழைக்க, அதற்குப் பின் உள்ள அனைத்தையும் ஓர் இடம் தள்ள வேண்டும். இந்தத் தள்ளலின் வேகத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள், சிலர் கூட்டி மதிப்பிடுகிறார்கள். கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். தள்ளும் வேகம் நொடிக்கு 10 கிகாபைட், ஓர் உறுப்பு 16 பைட் என்று கொள்வோம்:

1. 1,000 உறுப்புகள்: சராசரியாகப் பாதி, அதாவது 8 கிலோபைட் தள்ள வேண்டும். ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவு. தரவு முதல் நிலை கேஷிலேயே இருப்பதால் நடைமுறையில் இன்னும் வேகம். மரத்தோடு தாராளமாகப் போட்டியிடலாம்.
2. 1 லட்சம் உறுப்புகள்: 800 கிலோபைட். 80 மைக்ரோநொடி. மரம் பல மடங்கு முந்திவிடும்.
3. 10 லட்சம் உறுப்புகள்: 8 மெகாபைட். 0.8 மில்லிநொடி. காலி அர்ரேயில் தொடங்கி 10 லட்சத்தையும் ஒவ்வொன்றாக நுழைத்தால் சுமார் 400 நொடி.

மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டு அர்ரேயை ஒதுக்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும் முதலில் வரிசையின்றிக் கொட்டி, கடைசியில் ஒரே முறை வரிசைப்படுத்தினால் அதே 10 லட்சத்துக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஃபிளாட் மேப்பிலும் ஒரு தொகுதியை மொத்தமாகச் சேர்க்கும் வழி இருக்கிறது. அது புதியவற்றை மட்டும் வரிசைப்படுத்திப் பழையவற்றோடு இணைக்கும். லூப் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது இங்கே மிகப் பொதுவான தவறு.

இருமத் தேடலுக்குள்ளும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கிளை ஊகம். இடமா வலமா என்பதைச் செயலி முன்கூட்டியே ஊகிக்கிறது. தாறுமாறான கீகளுக்கு அந்த ஊகம் பாதி முறை தவறும். ஒரு தவறுக்கு 15 முதல் 20 சுற்று வீண். கிளையே இல்லாத வகையில் எழுதினால் இந்த இழப்பு போகும், சிறிய அர்ரேயில் வேகமும் கூடும். ஆனால் கேஷைத் தாண்டிய பெரிய அர்ரேயில் நிலைமை தலைகீழாவது உண்டு. ஊகித்து ஓடும் செயலி, ஊகம் சரியாக அமைந்த பாதி முறைகளில், அடுத்து வேண்டிய தரவை முன்னதாகவே ரேமிலிருந்து வரவழைத்துவிடுகிறது. கிளையில்லா நிரலில் அந்த உதவி கிடைக்காது, தரவை முன்னதாக வரவழைக்கும் ப்ரீஃபெட்ச் கட்டளையை நாமே எழுத வேண்டும். இரண்டாவது பொறி, உறுப்புகளின் எண்ணிக்கை சரியாக இரண்டின் அடுக்காக இருப்பது. தேடலின் முதல் படிகள் தொடும் இடங்கள் கேஷின் ஒரே சில தொகுதிகளில் மோதி, ஒன்றையொன்று வெளியேற்றும். 10,48,576 உறுப்புகளில் வரும் அளவீடு 10,00,000 உறுப்புகளில் வருவதைவிட மோசமாக இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

## பி-மரம்: வட்டுக்காகப் பிறந்து நினைவகத்தில் குடியேறியது

பேயரும் மெக்கிரைட்டும் போயிங் நிறுவனத்தில் இருந்தபோது 1970-ஐ ஒட்டி உருவாக்கியது பி-மரம். ஒரு கணுவுக்குள் ஒரு கீ என்பதற்குப் பதில் பல கீகளை வைத்து, வட்டைத் தொடும் தடவைகளைக் குறைப்பது நோக்கம். தரவுதளங்களில் இன்றும் அதே வம்சம்தான்: மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி 16 கிலோபைட் பக்கமும், போஸ்ட்கிரெஸ் 8 கிலோபைட் பக்கமும் கொண்ட மரங்களை வைத்திருக்கின்றன. வட்டுக்கும் ரேமுக்கும் நடுவில் அன்று இருந்த இடைவெளியின் சாயல் இன்று ரேமுக்கும் கேஷுக்கும் நடுவில் வந்துவிட்டது. அதனால் அந்த வடிவம் ரேமிலும் வெல்கிறது, கணுவின் அளவு மட்டும் சில கேஷ் வரிகளாகச் சுருங்கியிருக்கிறது.

ரஸ்ட் மொழியின் பிட்ரீமேப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கணுவில் அதிகபட்சம் 11 கீகள், 12 பிள்ளைகள். வேரைத் தவிர எந்தக் கணுவிலும் 5-க்குக் குறையாது. தாறுமாறாகச் சேர்த்தால் கணுக்கள் சராசரியாக 70 சதவீதம் அளவுக்கு நிரம்பியிருக்கும். அதாவது ஒரு கணுவில் ஏறத்தாழ 8 கீ. 10 லட்சத்துக்கு 6 அல்லது 7 தளங்கள். இலைக் கணு ஒன்று 192 பைட், இலைகள் சுமார் 1.25 லட்சம், ஆக 24 மெகாபைட். அதற்கு மேலே உள்ள தளங்கள் எல்லாம் சேர்ந்து 4 அல்லது 5 மெகாபைட்தான். அதே 8 மெகாபைட் கேஷில் இலைத் தளம் தவிர மற்ற அனைத்தும் அடங்கிவிடுகின்றன. தேடலுக்கு ஒரு கணுவுக்காக மட்டும் ரேமுக்குப் போனால் போதும். சிவப்பு-கருப்பு மரத்தில் அது மூன்று. வேக வித்தியாசத்தின் உள்ளடக்கம் இதுதான். ஒப்பீடுகளின் எண்ணிக்கை குறையவே இல்லை, கொஞ்சம் கூடியும் இருக்கும்.

கணுவுக்குள் ரஸ்ட் இருமத் தேடல் செய்வதில்லை, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறது. 11 கீகள் 88 பைட், அடுத்தடுத்த இரண்டு மூன்று கேஷ் வரிகளுக்குள் அடங்கும். இந்த அளவில் நேராகப் போவதே மலிவு. கூகுளின் அப்சீல் நூலகத்தில் உள்ள பிட்ரீ மேப் கணுவை 256 பைட் அளவுக்குக் குறிவைக்கிறது. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதியில்), ஒரு புரோசஸின் நினைவகப் பகுதிகளைக் கண்காணித்துவந்த சிவப்பு-கருப்பு மரத்தை எடுத்துவிட்டு, பி-மரக் குடும்பத்தைச் சேர்ந்த மேப்பிள் மரத்தை வைத்தார்கள். அதன் கணுவும் 256 பைட்தான்.

அப்படியானால் சி++ மேப்பை ஏன் இன்னும் பி-மரமாக மாற்றவில்லை? மாற்ற முடியாது. ஓர் உறுப்பின் முகவரியை எடுத்து வைத்துக்கொண்டால், அந்த உறுப்பையே நீக்கும்வரை முகவரி செல்லும் என்று மொழித் தரநிலை வாக்குக் கொடுத்திருக்கிறது. பி-மரத்தில் ஒரு புதிய கீயைச் சேர்த்தாலே பக்கத்து உறுப்புகள் இடம் மாறும், கணு நிரம்பினால் பாதி வேறு கணுவுக்குப் போகும். ஃபிளாட் மேப்பிலும் இதே கதை. பெயரை மட்டும் மாற்றி மேப்பை பிட்ரீ மேப் ஆக்கும் நிரலாளர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கம்பைலர் எதுவும் சொல்லாது. பழைய பாயின்டர் எங்கோ காட்டிக்கொண்டிருக்கும், நிரல் சில நாள் சரியாகவே ஓடும். மாற்றிய பின், தவறான முகவரிப் பயன்பாட்டைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. ரஸ்ட்டில் இப்படிப்பட்ட பாயின்டரைக் கம்பைலரே தடுத்துவிடும்.

## சிவப்பு-கருப்பு மரம் இன்னும் நிற்கும் இடம்

எந்த வேலை எப்போது செயலியில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் லினக்ஸ் கெர்னலின் ஷெட்யூலர் இன்றும் சிவப்பு-கருப்பு மரத்தில்தான் ஓடுகிறது. அங்கே மரக்கணு தனியாக ஒதுக்கப்படுவதில்லை. ஷெட்யூல் செய்யப்படும் ஒவ்வொன்றின் விவரக் கட்டமைப்புக்குள்ளேயே 24 பைட் பதிந்திருக்கிறது. நிறத்துக்குக்கூடத் தனி இடமில்லை, பெற்றோர் பாயின்டரின் கடைசி பிட்டில் அது அடங்கியிருக்கிறது. சேர்க்கும்போது நினைவகம் கேட்க வேண்டியதில்லை, அதனால் சேர்ப்பது தோற்றுப்போகவும் வழியில்லை. நீக்க வேண்டிய கணு கையிலேயே இருப்பதால் தேடவும் தேவையில்லை. இந்த மூன்றும் வேண்டிய இடத்தில் பி-மரத்தைத் திணிப்பது தவறான பொறியியல்.

## ஸ்கிப் லிஸ்ட், ஜாவா, பைத்தான்

வில்லியம் பியூவின் ஸ்கிப் லிஸ்ட் (இடையில் உள்ளவற்றைத் தாண்டிச் செல்லும் பல தள இணைப்புகள் கொண்ட பட்டியல்) தனி வேகத்தில் பி-மரத்தை வெல்வது அரிது. அதுவும் பாயின்டர் சங்கிலிதான். அதன் பலம், எழுதுபவர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் பூட்டில்லாமல் படிக்கலாம் என்பது. லெவல்டிபி, ராக்ஸ்டிபி ஆகிய தரவுதள நூலகங்களின் நினைவக அட்டவணைகளிலும், ஜாவாவின் கன்கரன்ட் ஸ்கிப் லிஸ்ட் மேப்பிலும் அது இருப்பதற்குக் காரணம் இதுவே. நினைவகத்தில் இயங்கும் தரவுதளமான ரெடிஸ் வேறு விதமாகவும் நமக்குப் பாடம் சொல்கிறது: அதன் வரிசைத் தொகுப்பு, இயல்பு அமைப்பில், 128 உறுப்புகள் வரை, ஒவ்வொன்றும் 64 பைட்டைத் தாண்டாதவரை, நெருக்கி அடுக்கிய ஒரே துண்டாக இருக்கும். அதைத் தாண்டினால்தான் ஸ்கிப் லிஸ்ட்டாக மாறும்.

சிவப்பு-கருப்பு மரமான ஜாவாவின் ட்ரீமேப்பில் நினைவகச் செலவு இன்னும் கூடுதல். 64 பிட் ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருளில்), பாயின்டர்களை 4 பைட்டாகச் சுருக்கும் வழக்கமான அமைப்பில், ஒரு கணு 40 பைட், கீயாக வரும் லாங் பொருள் 24, மதிப்பாக வரும் லாங் பொருள் 24. மொத்தம் 88 பைட். கணுவைத் தொட்ட பிறகு கீயைப் பார்க்க இன்னொரு பாயின்டரைத் தாண்ட வேண்டும். அடிக்கடி மாறாத தரவு என்றால், லாங் எண்களின் வெறும் அர்ரேயும் அர்ரேஸ் வகுப்பின் இருமத் தேடலும் பல மடங்கு இடத்தை மிச்சப்படுத்தும்.

பைத்தானின் நிலையான நூலகத்தில் வரிசை காக்கும் மேப் இல்லை. பைசெக்ட் மாட்யூல் சாதாரண லிஸ்டில் இடம் கண்டுபிடித்துத் தரும். லிஸ்டில் ஓர் உறுப்பு 8 பைட் பாயின்டர்தான் என்பதால், 1 லட்சம் உறுப்புகள் வரை நடுவில் நுழைப்பது சில பத்து மைக்ரோநொடிகளில் முடியும். அதற்கு மேல் போனால் சார்ட்டட் கன்டெய்னர்ஸ் நூலகம் நல்ல வழி. அது மரமே இல்லை, ஆயிரம் ஆயிரமாகப் பிரித்த லிஸ்டுகளின் லிஸ்ட். பைத்தானில் எழுதிய மரத்தை இது எளிதாக முந்துவதற்குக் காரணம், தள்ளும் வேலை சி மொழியில் எழுதிய உள்பகுதியில் நடப்பதுதான்.

## தேர்வு

1. ஒருமுறை நிரப்பி, பிறகு பெரும்பாலும் தேடுவது மட்டும்: வரிசைப்படுத்திய அர்ரே.
2. ஆயிரம் உறுப்புகளுக்குள் அடங்கும், சேர்ப்பதும் நீக்குவதும் உண்டு: அப்போதும் அர்ரே.
3. பெரிய தரவு, சேர்த்தலும் தேடலும் கலந்தது: பி-மரம்.
4. உறுப்பின் முகவரி மாறக் கூடாது, அல்லது உறுப்பு மிகப் பெரியது, நகர்த்தினால் செலவு: சிவப்பு-கருப்பு மரம்.
5. பல த்ரெட்கள் (ஒரே நிரலின் இணை ஓட்டங்கள்) ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் வேண்டும்: ஸ்கிப் லிஸ்ட்.
6. நீளமான சொற்சரங்கள் கீகளாக இருந்தால்: மேற்கண்ட இடைவெளிகள் சுருங்கும். கணுவில் இருப்பது சரத்தின் முகவரி மட்டுமே, எழுத்துகள் வேறெங்கோ கிடக்கும். ஜிசிசி நூலகத்தில் 15 எழுத்து பைட்டுகள் வரை சரம் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதற்குள் அடங்கினால் பி-மரத்தின் ஆதாயம் திரும்பக் கிடைக்கும்.

## அளக்கும்போது கெடுவது

மேலே சொன்ன கேஷ் அளவுகள் உங்கள் கணினியில் வேறாக இருக்கும். எனவே அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். தவறாக அளப்பது மிக எளிது.

1. வரிசையாகச் சேர்த்து அளப்பது. புதிதாகத் தொடங்கிய நிரலில் 1, 2, 3 என்று சேர்த்தால் மாலோக் கணுக்களை அடுத்தடுத்தே தரும். மரம் அர்ரே போல நடந்துகொள்ளும். பல மணி நேரம் ஓடி நினைவகம் சிதறிய நிரலில் அந்த வேகம் வராது. கீகளைக் கலைத்துச் சேர்க்க வேண்டும்.
2. ஒரே கீகளைத் திரும்பத் திரும்பத் தேடுவது. 100 கீகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால் அவற்றின் பாதை முழுவதும் கேஷில் ஏறிவிடும், கிளை ஊகமும் பாடமாகிவிடும்.
3. விடையைப் பயன்படுத்தாமல் விடுவது. தேடிய விடை எங்கும் போகாவிட்டால் கம்பைலர் தேடலையே நீக்கிவிடலாம். எல்லா விடைகளையும் கூட்டிக் கடைசியில் அச்சிட வேண்டும்.
4. மேம்படுத்தல் இல்லாமல் கம்பைல் செய்வது. ரஸ்ட்டின் டீபக் பில்டில் எடுத்த எண்களுக்கு ஒப்பீட்டு மதிப்பே கிடையாது.
5. தனித்தனித் தேடல்களையே அளப்பது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தேடல்களைச் செயலி ஒரே நேரத்தில் முன்னெடுக்கும். ரேம் காத்திருப்புகள் அப்போது ஒன்றன்மேல் ஒன்று விழும். உங்கள் நிரலில் ஒரு தேடலின் விடைதான் அடுத்த தேடலின் கீ என்றால், அளவீட்டையும் அப்படியே எழுத வேண்டும்.
6. சராசரியை மட்டும் பார்ப்பது. அர்ரே நிரம்பி இரட்டிப்பு இடத்துக்குக் குடிபெயரும் அந்த ஒரு சேர்ப்பு, மற்றவற்றைவிட ஆயிரம் மடங்கு நேரம் எடுக்கலாம். சராசரியில் அது கரைந்துவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் கால வரம்பு உள்ள சேவையில் 99-ம் சதமானத்தையும் (100-ல் 99 கோரிக்கைகள் முடியும் நேரத்தையும்) அதிகபட்ச நேரத்தையும் தனியாகக் குறிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை முன்பே தெரிந்தால் இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு அளக்க வேண்டும்.